செம்பனைத் தோட்டத்தின் இரவுக் காவலன்

மாணவர்களே, ராவாங்கிலிருந்து செரண்டா, பத்தாங் காலி, ராசா வழியாகக் கோலகுபு பாருவுக்குச் செல்லும் பழைய சாலையில் நீங்கள் போயிருக்கலாம். அல்லது பெஸ்தாரி ஜெயா, கோலசிலாங்கூர் பக்கம் உறவினர் வீட்டுக்குச் சென்றிருக்கலாம். வழியெல்லாம் செம்பனை மரங்கள் வரிசை வரிசையாக நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அடுத்த முறை போகும்போது இன்னும் கொஞ்சம் கூர்ந்து கவனியுங்கள். சில தோட்டங்களில், மரங்களுக்கு நடுவே உயரமான கம்பம் ஒன்று நட்டிருக்கும். அதன் உச்சியில் கூரை போட்ட ஒரு பெட்டி இருக்கும். அதன் ஒரு பக்கத்தில் பெரிய துவாரம்.

அது தேனீப் பெட்டி அல்ல. புறாக் கூண்டும் அல்ல. ஓர் ஆந்தைக் குடும்பத்துக்காகத் தோட்ட நிர்வாகம் கட்டிக் கொடுத்த வீடு அது! வாடகை ஒரு சென்கூடக் கிடையாது. அதற்குப் பதிலாக அந்தக் குடும்பம் ஒவ்வோர் இரவும் வேலைக்குப் போகிறது. வேலை என்ன தெரியுமா? எலி பிடிப்பது.

அந்த ஆந்தையின் பெயர் கூகை. வெண்கூகை என்றும் சொல்வார்கள். மலாய்மொழியில் 'புங்கோக் ஜெலாப்பாங்'. இந்தப் பறவை எப்படி இருக்கும், இருட்டில் எப்படி வேட்டையாடுகிறது, நம் தோட்டங்களுக்கு எப்படி வந்தது, இன்று அதற்கு என்ன ஆபத்து என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

பாட்டி பயந்த பறவை

உங்கள் பாட்டியோ தாத்தாவோ தோட்டத்தில் வளர்ந்தவராக இருந்தால், ஆந்தையைப் பற்றிக் கேட்டுப் பாருங்கள். "ராத்திரியில் வீட்டுக் கூரைமேல் உட்கார்ந்து அலறினால் அந்த வீட்டில் சாவு விழும்" என்று சொல்லக்கூடும். தமிழ்நாட்டில் சில ஊர்களில் கூகைக்குச் 'சாவுக்குருவி' என்றே பெயர். மலாய்மொழியில் ஆந்தையைப் பொதுவாக 'பூரோங் ஹந்து' என்கிறார்கள். பேய்ப் பறவை என்று பொருள்.

இந்தப் பயம் சும்மா வந்ததல்ல. கூகையின் முகமும் உடலின் அடிப்பகுதியும் வெண்மையாக இருக்கும். நடு இரவில், விளக்கு வெளிச்சம் படும் இடத்தில், துளியும் சத்தமில்லாமல் ஒரு வெள்ளை உருவம் தலைக்குமேல் கடந்து போனால் யாருக்குத்தான் நெஞ்சு படபடக்காது? மற்ற ஆந்தைகளைப்போல் அது 'ஊ... ஊ...' என்று கூவாது. தொண்டை கிழிவதுபோல் 'க்ரீஈஈச்' என்று கத்தும். அதன் குஞ்சுகளோ பெட்டிக்குள்ளிருந்து குறட்டை விடுவதுபோல் 'ஸ்ஸ்ஸ்' என்று சீறிக்கொண்டே இருக்கும். மின்விளக்கு இல்லாத லயத்து வீடுகளில் வாழ்ந்தவர்களுக்கு அது பேயின் குரலாகக் கேட்டதில் வியப்பில்லை.

ஆனால், பழந்தமிழர் இந்தப் பறவையை வெறும் பயத்தோடு மட்டும் பார்க்கவில்லை. புறநானூற்றில் கூகைக் கோழியார் என்று ஒரு புலவரே இருக்கிறார். திருக்குறளின் 481ஆவது குறளில் வள்ளுவர் கூகையையும் காக்கையையும் வைத்துக் காலம் அறிதலைப் பற்றிப் பேசுகிறார். பகல் வேளையில் காக்கை கூகையை வென்றுவிடும் என்பது அதில் வரும் செய்தி. இது கற்பனை அல்ல. இன்றும் நடக்கிற உண்மை. பகலில் ஓர் ஆந்தை வெளியே சிக்கிக்கொண்டால், காக்கைகள் கூட்டமாகச் சேர்ந்து கரைந்து, கொத்தித் துரத்துவதை நீங்களே பார்க்கலாம். ஆந்தைக்குப் பகலில் கண் தெரியாது என்பது தவறு. நன்றாகவே தெரியும். ஆனால், அதன் உடலும் செவியும் இரவு வேட்டைக்காக அமைந்தவை.

முகமே ஒரு காது

கூகையின் உருவத்தை இப்போது கவனிப்போம். உயரம் ஏறக்குறைய உங்கள் 30 சென்டிமீட்டர் அடிக்கோல் அளவுதான். அதைவிடச் சற்றே கூடுதல். ஆனால், சிறகை விரித்தால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஏறக்குறைய 90 சென்டிமீட்டர் இருக்கும். எடையோ அரைக் கிலோவை ஒட்டித்தான். முதுகு பொன்னிறமும் சாம்பல் நிறமும் கலந்து, மேலே புள்ளி தெளித்ததுபோல் இருக்கும். கால்கள் நீளம். முகம்தான் விசேஷம். ஓர் ஆப்பிளை நடுவே வெட்டி வைத்ததுபோல் இதய வடிவில் இருக்கும்.

அந்த முகத்தை அறிவியலாளர்கள் 'முகத்தட்டு' என்கிறார்கள். வீட்டுக் கூரையில் இருக்கும் ஆஸ்ட்ரோ தட்டு என்ன செய்கிறது? வானத்திலிருந்து வரும் அலைகளைச் சேகரித்து ஒரு புள்ளியில் குவிக்கிறது. கூகையின் முகமும் அதே வேலையைத்தான் செய்கிறது. முகத்தைச் சுற்றி விறைப்பான சிறு இறகுகள் வேலி போல் அடர்ந்திருக்கின்றன. அவை ஒலியைப் பிடித்து, இறகுகளுக்கு அடியில் மறைந்திருக்கும் காதுத் துளைகளுக்கு அனுப்புகின்றன. (சில ஆந்தைகளின் தலையில் கொம்பு போல் நீட்டிக்கொண்டிருப்பது காது அல்ல, வெறும் இறகுக் கொத்து. கூகைக்கு அதுவும் கிடையாது.)

இனி வருவதுதான் உண்மையான அதிசயம். கூகையின் இரண்டு காதுகளும் ஒரே உயரத்தில் இல்லை! இடது காதுத் துளை சற்று மேலே இருந்து கீழ்நோக்கிப் பார்க்கிறது. வலது காதுத் துளை சற்றுக் கீழே இருந்து மேல்நோக்கிப் பார்க்கிறது. எனவே கீழேயிருந்து வரும் ஒலி இடது காதில் உரக்கக் கேட்கும். மேலேயிருந்து வருவது வலது காதில் உரக்கக் கேட்கும். எந்தக் காதில் எவ்வளவு உரக்கக் கேட்கிறது என்பதை ஒப்பிட்டு, எலி எவ்வளவு கீழே இருக்கிறது என்று அதன் மூளை கணித்துவிடும்.

சரி, இடமா வலமா என்பதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? நேரத்தை வைத்து. ஒலி காற்றில் விநாடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் வேகத்தில் செல்கிறது. எலி வலப்பக்கம் இருந்தால் அதன் சத்தம் முதலில் வலது காதை அடையும். பிறகு இடது காதை. கூகையின் தலையோ சிறியது. இரு காதுகளுக்கும் இடையே 5 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டு கணக்குப் போடுங்கள்: 0.05ஐ 340ஆல் வகுத்தால் சுமார் 0.00015 விநாடி. அதாவது, விநாடியைப் பத்தாயிரம் பங்காகப் போட்டால் அதில் ஒன்றரைப் பங்கு! அதுதான் கிடைக்கும் மிகப் பெரிய வித்தியாசம். எலி நேர் எதிரே இருந்து சற்றே விலகியிருந்தால் வித்தியாசம் இன்னும் குறையும். விநாடியின் ஒரு லட்சத்தில் ஒரு பங்கு அளவு வித்தியாசத்தைக்கூடக் கூகையின் மூளை உணர்ந்துகொள்கிறது.

இருட்டு அறையில் ஒரு சோதனை

"கண்ணால் பார்த்துப் பிடிக்கவில்லை, காதால் கேட்டுத்தான் பிடிக்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அறிவியலில் அப்படித்தான் கேட்க வேண்டும்.

அமெரிக்க ஆய்வாளர் ரோஜர் பெய்ன் இதே கேள்வியைத்தான் கேட்டார். பின்னாளில் திமிங்கிலங்களின் பாடலை உலகறியச் செய்தவரும் இவரே. ஒளி கொஞ்சமும் புகாத ஓர் அறையின் தரையில் காய்ந்த இலைகளைப் பரப்பினார். எலியை அதில் விட்டார். கும்மிருட்டு. எலி இலைமேல் நடந்த சரசரப்பு கேட்டதும் கூகை பாய்ந்து பிடித்துவிட்டது. ஒருவேளை எலியின் உடல் வெப்பத்தை உணர்கிறதோ? வாசனையை மோப்பம் பிடிக்கிறதோ? அதையும் சோதித்தார். எலியின் வாலில் ஒரு காகிதத் துண்டைக் கட்டி, ஓசை எழாத தரையில் ஓடவிட்டார். காகிதம் மட்டும் சரசரத்தது. கூகை எலியை விட்டுவிட்டுக் காகிதத்தின்மேல் பாய்ந்தது! வெப்பமும் இல்லை, வாசனையும் இல்லை. ஒலி ஒன்றே அதற்கு வழிகாட்டி என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. 1971இல் அவர் தம் ஆய்வை விரிவாக வெளியிட்டார்.

அதன்பிறகு, மசகாசு கொனிஷி, எரிக் நூட்சன் என்ற இருவர் கூகையின் மூளைக்குள்ளேயே தேடினார்கள். ஒவ்வொரு திசைக்கும் தனித்தனி நரம்பணுக்கள் இருப்பதையும், அவை ஒரு வரைபடம் போல் ஒழுங்காக அடுக்கப்பட்டிருப்பதையும் 1978இல் அறிவித்தார்கள். நாம் பார்க்கும் உலகத்தை மனத்தில் படமாக வைத்துக்கொள்வதுபோல், கூகை கேட்கும் உலகத்தைப் படமாக வைத்திருக்கிறது.

செய்து பாருங்கள்: வகுப்பில் ஒரு நண்பரின் கண்களைக் கட்டி நாற்காலியில் உட்கார வையுங்கள். மற்றவர்கள் வெவ்வேறு பக்கங்களிலிருந்து மெதுவாகக் கை தட்டட்டும். நண்பர் ஒலி வந்த திசையைக் கையால் காட்டட்டும். இடம், வலம் சுலபமாகச் சொல்லிவிடுவார். இப்போது அவருடைய முகத்துக்கு நேர் எதிரே, ஒருமுறை தலைக்குமேலும் ஒருமுறை முழங்கால் உயரத்திலும் தட்டுங்கள். தடுமாறுவார். நம் இரு காதுகளும் ஒரே உயரத்தில் இருப்பது அதற்கு ஒரு காரணம்.

சத்தமில்லாச் சிறகு

எலிக்கும் காது உண்டு. சிறகடிக்கும் ஓசை கேட்டால் அது வளைக்குள் ஓடிவிடும். அதோடு, தன் சிறகின் இரைச்சலே காதை அடைத்தால் கூகையாலும் எலியின் சரசரப்பைக் கேட்க முடியாது. இந்த இரண்டு சிக்கலுக்கும் ஒரே தீர்வு: சத்தமில்லாமல் பறப்பது.

கூகையின் சிறகு இறகு ஒன்று கிடைத்தால் உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். முன் ஓரத்தில் சீப்பின் பற்கள் போல் நுண்ணிய வரிசை தெரியும். காற்று அதில் மோதும்போது சிறுசிறு ஓட்டங்களாகப் பிரிந்து போகிறது. இறகின் மேற்பரப்பு வெல்வெட் துணி போல் மெத்தென்று இருக்கும். இறகோடு இறகு உரசும் ஓசை அதில் அமுங்கிவிடும். பின் ஓரத்திலோ துண்டின் நூல்முனை போல் மெல்லிய குஞ்சம். இந்த மூன்றும் சேர்ந்துதான் கூகையின் பறத்தலை ஓசையற்றதாக்குகின்றன. உடலின் எடைக்குச் சிறகு மிகப் பெரியது என்பதால், மெதுவாகவும் அதனால் பறக்க முடிகிறது.

இதற்கு நேர் எதிரான ஓர் ஆந்தையும் நம் சிலாங்கூரிலேயே இருக்கிறது. ஓடை, ஆற்றங்கரை, கோலசிலாங்கூர்ப் பக்கத்துச் சதுப்புநிலக் காடு ஆகிய இடங்களில் வாழும் மீன்பிடி ஆந்தை அது. மீன் தண்ணீருக்குள் இருக்கிறது. சிறகோசை அதற்குக் கேட்கப் போவதில்லை. எனவே அந்த ஆந்தையின் இறகில் ஓசையை அடக்கும் அமைப்பு சரியாக வளரவில்லை; முகத்தட்டும் அவ்வளவு தெளிவாக இல்லை. எந்த உயிருக்கும் அதன் பிழைப்புக்கு எது தேவையோ அதுவே உடலில் அமைகிறது என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு வேண்டுமா?

இன்னொரு பக்கம், வடதுருவத்தை ஒட்டிய கனடா, அலாஸ்கா, பின்லாந்து, ரஷ்யா ஆகிய இடங்களின் பனிக்காடுகளில் பெரும் சாம்பல் ஆந்தை வாழ்கிறது. உலகில் மிக நீளமான ஆந்தைகளில் ஒன்று. தலை முதல் வால் வரை 80 சென்டிமீட்டரைத் தொடும். அதன் முகத்தட்டு மரத்தை அறுத்தால் தெரியும் வளையங்களைப் போல் வட்டம் வட்டமாக இருக்கும். தரையில் அரை மீட்டர் ஆழத்துக்குப் பனி மூடியிருந்தாலும், அதற்கு அடியில் ஓடும் எலி போன்ற சிறு பிராணியின் சத்தத்தைக் கேட்டு, நேர் மேலே வந்து நின்று, பனியைத் துளைத்துக்கொண்டு பிடித்துவிடும். ஒலி பனியிலிருந்து காற்றுக்கு வரும்போது வளைகிறது. தண்ணீரில் வைத்த பென்சில் வளைந்து தெரிவதுபோல, இரையும் இருக்கும் இடத்தை விட்டு வேறிடத்தில் இருப்பதாகக் கேட்கும். நேர் மேலே வந்தால்தான் அந்த ஏமாற்றம் நீங்கும். அங்கே பனி, இங்கே காய்ந்த செம்பனை மட்டை. மூடியிருக்கும் பொருள்தான் வேறு. காதால் கண்டுபிடிக்கும் வித்தை ஒன்றே.

தோட்டத்துக்கு வந்த கதை

இப்போது நம் தோட்டத்துக்குத் திரும்புவோம். மலேசியாவில் வணிக நோக்கோடு முதன்முதலில் செம்பனை பயிரிடப்பட்டது எங்கே என்று தெரியுமா? நம் கோலசிலாங்கூர் மாவட்டத்தில்தான். 1917இல், இன்றைய பெஸ்தாரி ஜெயாவுக்கு அருகில் உள்ள தென்னமரம் தோட்டத்தில், ஹென்றி ஃபோக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரர் அதைத் தொடங்கினார். தோட்டத்தின் பெயரைக் கேட்டாலே அங்கே உழைத்தவர்கள் யார் என்பது புரிந்துவிடும். ஆனாலும் நீண்ட காலத்துக்கு ரப்பரே தோட்டங்களை ஆண்டது. 1960களுக்குப் பிறகுதான் பால்மரங்களை வெட்டிவிட்டுச் செம்பனை நடுவது வேகம் பிடித்தது.

செம்பனை வந்தது, கூடவே எலியும் பெருகியது. ஏன்? எலிக்கு இரண்டு தேவை: உணவு, ஒளிய இடம். செம்பனைக் குலையின் பழம் கொழுப்பு நிறைந்தது. ஆண்டு முழுவதும் கிடைக்கும். வெட்டிப் போட்ட மட்டைக் குவியல் ஒளிந்துகொள்ள அருமையான இடம். தோட்டங்களில் அதிகம் காணப்படுவது மரம் ஏறும் மர எலி. வயல் எலியும் வீட்டு எலியும் சில இடங்களில் உண்டு. ஒரு ஹெக்டரில் 200 முதல் 500, 600 எலிகள் வரை இருக்கக்கூடும் என்று ஆய்வுகள் கணக்கிட்டன. கட்டுப்படுத்தாமல் விட்டால் எண்ணெய் விளைச்சலில் சுமார் 5 விழுக்காடு எலி வயிற்றுக்குப் போய்விடும் என்றும் மதிப்பிட்டார்கள். இளங்கன்றின் குருத்தையும் எலி கடித்துக் கொன்றுவிடும்.

கூகை அதற்கு முன் தீபகற்ப மலேசியாவில் அரிதாகவே தென்பட்ட பறவை. அடர்ந்த காடு அதற்கு ஆகாது. திறந்த வெளியும் தாழ்ந்து பறக்க இடமும் வேண்டும். 1960களின் இறுதியில் ஜொகூரில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் அது கூடு கட்டியிருப்பது பதிவானது. யாரும் பிடித்து வந்து விடவில்லை. எலி மலிந்த இடத்தைத் தேடி அதுவாகவே வந்தது.

ஆனால், ஒரு குறை. கூகை மரக்கிளையில் சுள்ளி அடுக்கிக் கூடு கட்டாது. பொந்து வேண்டும், அல்லது பழைய கட்டடத்தின் கூரை இடுக்கு வேண்டும். செம்பனையில் பொந்து ஏது? சாப்பாடு மலைபோல் இருக்கிறது, குடியிருக்க வீடில்லை! இதைக் கவனித்த ஆய்வாளர்கள் பெட்டி செய்து கம்பத்தில் வைத்துப் பார்த்தார்கள். கூகைகள் குடியேறின. 1970களின் பிற்பகுதியில் கிரஹாம் லென்டன் என்ற ஆய்வாளர் இவற்றின் உணவையும் இனப்பெருக்கத்தையும் விரிவாக ஆராய்ந்து 1984இல் வெளியிட்டார். பிறகு பெட்டி வைப்பது நாடெங்கும் பல தோட்டங்களில் பரவியது. சுமார் 5 முதல் 10 ஹெக்டருக்கு ஒரு பெட்டி என்பது வழக்கம். தஞ்சோங் காராங், செகிஞ்சான் பகுதி போன்ற நெல் வயல்களிலும் கூகைப் பெட்டிகள் வைக்கப்பட்டன.

உருண்டை சொல்லும் உண்மை

கூகை என்ன தின்கிறது என்பதை அதன் பின்னாலேயே ஓடிப் பார்க்க முடியுமா? தேவையில்லை. அதுவே எழுதிக் கொடுத்துவிடும்! கூகை எலியை முழுதாக விழுங்கும். சதை செரித்துவிடும். எலும்பும் ரோமமும் செரிக்காது. அவற்றை இரைப்பை ஓர் உருண்டையாக்கி வாய் வழியே வெளியே தள்ளிவிடும். பெட்டிக்குக் கீழே கறுப்பாக, கட்டைவிரல் பருமனில் கிடக்கும் அந்த உருண்டையைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிரித்தால் மண்டை ஓடு, தாடை, பல், விலா எலும்பு எல்லாம் கிடைக்கும். மண்டை ஓடுகளை எண்ணினால் எத்தனை எலி என்று தெரியும். பல்லைப் பார்த்தால் எந்த வகை எலி என்று தெரியும். (நீங்கள் பிரித்துப் பார்ப்பதாக இருந்தால் ஆசிரியரின் துணையோடு, கையுறை, முகக்கவசம் அணிந்துகொண்டு செய்யுங்கள்.)

இப்படி ஆராய்ந்தபோது, தோட்டத்துக் கூகையின் உணவில் ஏறத்தாழ 98 விழுக்காடு எலிகளே என்று தெரியவந்தது. குஞ்சுகளோடு சேர்த்து ஒரு சோடி ஆண்டுக்குச் சுமார் 1,200 முதல் 1,300 எலிகள் வரை தின்னும் என்று கணக்கிட்டார்கள்.

கூகை வழக்கமாக 4 முதல் 7 முட்டை வரை இடும். எல்லாவற்றையும் ஒரே நாளில் இடாது. இரண்டு, மூன்று நாளுக்கு ஒன்றாக இடும். முதல் முட்டை இட்டதுமே அடைகாக்கத் தொடங்கிவிடும். ஒரு மாதம் கழித்துக் குஞ்சுகளும் அதே இடைவெளியில் பொரிக்கும். ஆகவே, ஒரே பெட்டியில் அண்ணன் பெரியவனாகவும் கடைக்குட்டி பஞ்சு உருண்டையாகவும் இருப்பார்கள். அம்மா அடைகாக்கும் காலம் முழுவதும் அப்பாதான் இரவெல்லாம் எலி கொண்டுவந்து கொடுக்கும். இரை குறைந்த காலத்தில் மூத்தவை மட்டும் பிழைக்கும். ஆனால், மூத்த குஞ்சுகள் சில வேளைகளில் தம் பங்கைப் பசித்திருக்கும் இளையவற்றுக்குக் கொடுப்பதையும் சுவிட்சர்லாந்து ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். இரண்டு மாதம் ஆனதும் குஞ்சுகள் பறக்கத் தயாராகிவிடும்.

கூகை மட்டும் போதுமா?

ஒரு கணக்குப் போடுவோம். 100 ஹெக்டர் தோட்டம். ஹெக்டருக்கு 200 எலி என்றால் மொத்தம் 20,000. பத்துப் பெட்டி, பத்துச் சோடி. சோடிக்கு 1,300 வீதம் ஆண்டுக்கு 13,000 எலி. கேட்பதற்குப் பெரிய எண்தான். ஆனால், எலி சும்மா இருக்காது. ஏறக்குறைய மூன்று வாரத்தில் ஓர் ஈற்று. ஒவ்வோர் ஈற்றிலும் பல குட்டிகள். எலி மிதமிஞ்சிப் பெருகிவிட்ட இடத்தில் கூகையை மட்டும் நம்பினால் அது ஓடும் தண்ணீரைச் சல்லடையால் அள்ளுவது போல் ஆகிவிடும். எலித் தொகை குறைவாக இருக்கும்போது அதை மீண்டும் ஏறவிடாமல் பிடித்து வைப்பதில்தான் கூகை கெட்டிக்காரன். அதனால்தான் பல தோட்டங்கள் முதலில் நச்சு இரை வைத்து எலியைக் குறைத்துவிட்டு, பிறகு காவலைக் கூகையிடம் ஒப்படைக்கின்றன.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. 'கூகை நல்லது' என்று எங்கு வேண்டுமானாலும் கொண்டுபோய் விட்டுவிட முடியாது. எலியை ஒழிக்க என்று ஹவாய், சேசெல்ஸ் தீவுகளுக்குக் கூகையைக் கொண்டுபோனார்கள். அது எலியோடு நிற்கவில்லை. அந்தத் தீவுகளின் கடற்பறவைகளையும் பிடித்துத் தின்னத் தொடங்கியது. மறுபக்கம், இஸ்ரேல், ஜோர்டான், பாலஸ்தீன உழவர்கள் தங்கள் மண்ணில் ஏற்கெனவே இருந்த கூகைக்குப் பெட்டி வைத்துப் பயன் அடைந்தார்கள். அரசியலில் பகை இருந்தாலும் கூகைக்காக அங்கே அறிவியலாளர்கள் சேர்ந்து வேலை செய்கிறார்கள். எல்லைக்கோடு ஆந்தைக்குத் தெரியாது அல்லவா!

எலிக்கு வைத்த நஞ்சு யாருக்கு?

இப்போது கவலைப்பட வேண்டிய பகுதிக்கு வருகிறோம்.

எலி நஞ்சுகளில் பல, இரத்தம் உறைவதைத் தடுப்பவை. நமக்குக் காயம்பட்டால் கொஞ்ச நேரத்தில் இரத்தம் உறைந்துவிடும். அதற்கு வைட்டமின் கே தேவை. இந்த நஞ்சு வைட்டமின் கே வேலை செய்யவிடாமல் தடுக்கிறது. உடலுக்குள் கசியும் இரத்தம் நிற்காமல் எலி இறக்கிறது. இந்த வகையில் முதலில் வந்த வார்ஃபரின் உடலில் நீண்ட நாள் தங்காது. எலி பலமுறை தின்றால்தான் சாகும். பிறகு வந்த 'இரண்டாம் தலைமுறை' நஞ்சுகள், எடுத்துக்காட்டாக புரோடிஃபாக்கும், மிக வீரியமானவை. ஒரே ஒரு முறை தின்றாலே போதும். ஆனால் அவை கல்லீரலில் மாதக்கணக்கில் தங்கிவிடும்.

நஞ்சைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாள் தள்ளாடிக்கொண்டு திரியும். ஓட முடியாத எலி யாருக்கு முதலில் கிடைக்கும்? கூகைக்குத்தான். ஓர் எலியில் இருக்கும் நஞ்சு குறைவாக இருக்கலாம். ஆனால், ஓர் இரவுக்கு இரண்டு, மூன்று என்று தின்றால் கூகையின் கல்லீரலில் அது சேர்ந்துகொண்டே போகும். உணவுச் சங்கிலியைப் பற்றிப் பள்ளியில் படித்திருப்பீர்களே, அதே பாடம்தான். இரண்டாம் தலைமுறை நஞ்சு வந்த பிறகு தோட்டங்களில் கூகைகள் குறைந்ததை 1980களிலேயே டக்கெட் என்ற ஆய்வாளர் சுட்டிக்காட்டினார். நஞ்சு உடனே கொல்லாத இடத்திலும் முட்டையும் குஞ்சும் குறையக்கூடும் என்று பின்வந்த மலேசிய ஆய்வுகள் காட்டின.

இதில் உள்ள விபரீதத்தைப் பாருங்கள். எலி சில மாதத்தில் மீண்டும் பெருகிவிடும். கூகையால் அவ்வளவு விரைவில் பெருக முடியாது. நஞ்சு போட்டவன் காவலனையும் கொன்றுவிட்டால், அடுத்த முறை இன்னும் அதிக நஞ்சு போட வேண்டியிருக்கும். கூகை உள்ள தோட்டத்தில் எந்த நஞ்சைப் போடுகிறோம், எப்போது போடுகிறோம் என்பது அதனால்தான் முக்கியம்.

நீங்கள் செய்யக்கூடியது

தோட்ட நிர்வாகம் எந்த நஞ்சை வாங்க வேண்டும் என்று நீங்கள் முடிவு செய்ய முடியாது. ஆனால், உங்களால் ஆகிற காரியமும் சில உண்டு.

உங்கள் வீட்டில் எலித்தொல்லை இருந்தால், முதலில் எலிக்கு உணவு கிடைக்காமல் செய்யுங்கள். குப்பையை மூடி வையுங்கள். சோற்றைத் திறந்து போடாதீர்கள். நஞ்சைவிட எலிப்பொறி நல்லது. எலியின் சிறுநீர் வழியே லெப்டோஸ்பிரோசிஸ் பரவுகிறது என்பதால், எலியைக் குறைப்பது உங்கள் உடல்நலத்துக்கும் நல்லது. நஞ்சு வைத்தே ஆக வேண்டுமென்றால், செத்த எலியை வெளியே எறியாமல் ஆழமாகப் புதைக்கச் சொல்லுங்கள்.

பகலில் தரையில் விழுந்து கிடக்கும் கூகைக் குஞ்சைக் கண்டால் கல்லால் அடிக்கவோ வளர்க்க எடுத்துச் செல்லவோ வேண்டாம். நம் நாட்டில் 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆந்தைகளுக்கும் பாதுகாப்புத் தருகிறது. பெரியவர்களிடம் சொல்லி வனவிலங்குத் துறையான பெர்ஹிலித்தானுக்குத் தெரிவியுங்கள். காக்கைகள் சூழ்ந்து கொத்தினால் விரட்டிவிடுங்கள். குறளில் படித்ததை நேரில் பார்த்தோம் என்று சும்மா நிற்காதீர்கள்!

அப்புறம், பாட்டியிடம் பேசுங்கள். "ஆந்தை கத்தினால் சாவு வரும் என்றீர்களே, உண்மைதான் பாட்டி, ஆனால் சாவு எலிக்கு" என்று சொல்லிப் பாருங்கள். பாட்டி சிரிப்பார். சிரித்துவிட்டு, அந்தக் காலத்தில் லயத்துக் கூரைமேல் வந்து உட்கார்ந்த வெள்ளைப் பறவையைப் பற்றி உங்களுக்குத் தெரியாத ஒரு கதையையும் சொல்லக்கூடும். அதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் ஒரு பறவைப் பதிவுதான்.

இன்றிரவு தோட்டத்துப் பக்கமிருந்து 'க்ரீஈஈச்' என்று ஒரு குரல் கேட்டால் போர்வையை இழுத்து மூடிக்கொள்ளாதீர்கள். சன்னலைத் திறந்து கேளுங்கள். இரவு வேலைக்குப் புறப்படும் காவலனின் குரல் அது.